சாமிப் பைக்குள் பேண்டேஜ்

மரம் வெட்டுகிறவனிடம் சொல்லக்கூடாத வார்த்தைகள் சில உண்டு. "கவனம்" சொல்லக்கூடாது. "பார்த்து" என்றும் சொல்லக்கூடாது. "விழுந்துடாதப்பா" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், மேலே ஏறினவன் அப்படியே இறங்கி வந்து, மரம் அறுக்கும் செயின் மெஷினை லொறியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அன்றைய வேலை அத்தோடு சரி. சொன்ன வாய் பலித்துவிடும் என்ற பயம். நாங்கள் கரிநாக்கு என்போம், சிங்களவர்கள் கட்டவஹ என்பார்கள். இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு பக்கமும் ஒற்றுமைதான்.

நான் மரத்தில் ஏறுகிறவன் இல்லை, கீழே நின்று கயிறு பிடிக்கிறவன். வெட்டப்போகும் கிளையில் கயிற்றைக் கட்டி, அதைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். கிளை அறுந்ததும் கூரையிலோ கரண்ட் கம்பியிலோ விழாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டு இறக்குவேன். ஆளுக்கு முழங்கால் போனாலும் செய்யக்கூடிய வேலை, அதனால் இன்னும் செய்கிறேன். மெஷின் பிடித்தது என் மனைவியின் தம்பி. லொறி ஓட்டுவது கெலிஓயாவிலிருந்து வரும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்போம். மச்சினனும் நானும் ஹந்தானைக்குக் கீழே குடியிருக்கிறோம், நானா காலையில் லொறியோடு வந்து எங்களை ஏற்றிக்கொள்வார். மூன்று பேர், ஒரு மெஷின், ஒரு கயிறு. கம்பனி என்று சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது.

மலை சரிந்த அந்தப் பெரிய மழைக்குப் பிறகு கண்டியில் எல்லோருக்கும் தங்கள் வீட்டு மரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நிழல் தந்தது, காய் தந்தது, அதெல்லாம் மறந்து போச்சு. "அண்ணே, மரம் சாயிற மாதிரி இருக்கு, இன்னைக்கே வாங்க" என்று விடியற்காலையிலிருந்து போன். போய்ப் பார்த்தால் மரம் செங்குத்தாக நிற்கும். சாய்ந்திருப்பது வீட்டுக்காரரின் மதிலாக இருக்கும். "ஒரே ஒரு கொப்புதான், அஞ்சு நிமிஷ வேலை" என்று கூப்பிடுகிறவர்களைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. அந்த ஒரு கொப்பு இரண்டு கூரைக்கும் ஒரு கம்பிக்கும் நடுவில் தொங்கும். ஓய்வு என்பதே இல்லாமல் போனது. ராத்திரி படுத்தால் கை கயிறு பிடித்த மாதிரியே மடங்கி இருக்கும், நீட்டினால் வலிக்கும்.

அந்த நாட்களில்தான் மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். வந்தால்தான் வேலைக்கு அனுமதி என்று சொன்னதால் போனோம். நடத்தியவர் சிங்களத்தில் பேசினார், நல்ல மனிதர், கத்தாமல் பேசினார். ஒரு வாழைத்தண்டைத் தொடை மாதிரி மேசையில் வைத்து, அதில் ரப்பர் குழாயைச் செருகி, மெஷின் பட்டால் எப்படி இருக்கும் என்று காட்டினார். குழாயிலிருந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டு மேசையெல்லாம் ஓடியது. என் மச்சினன் எழுந்தான். "காலங்காத்தால இதையா பாக்கணும்?" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டான். வகுப்பு முடியும் வரை உள்ளே வரவே இல்லை.

நானாவும் நானும் இருந்து கேட்டோம். இந்த மெஷின் வெட்டிய காயம் ஆஸ்பத்திரி வரைக்கும் காத்திருக்காது என்றார் அவர். காயத்துக்கு மேலே பட்டியை ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும், கத்தினாலும் தளர்த்தக்கூடாது. காயத்துக்குள் துணியைத் திணித்து உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்க வேண்டும். கோப்பித்தூள் கொட்டக்கூடாது. மெஷினோடு இரண்டு எட்டு நடப்பதென்றாலும் முன் கைப்பிடித் தட்டைத் தள்ளிச் சங்கிலியைப் பூட்டிவிட வேண்டும். பையை லொறியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். எங்களை இரண்டிரண்டு பேராக விட்டு ஒருவர் தொடையில் ஒருவர் பட்டி கட்டச் சொன்னார். நானா என் தொடையைக் கட்டினார். கட்டினார் என்றால் கட்டினார், சாயந்தரம் வரை எனக்குக் கால் விறுவிறுத்தது. கடைசியில் குழுவுக்கு ஒன்றாக ஒரு சிவப்புப் பை கொடுத்தார்கள். உள்ளே பட்டி, பேண்டேஜ், பஞ்சு, கையுறை எல்லாம் இருந்தது.

அந்தப் பையை லொறியில் கண்டதுமே மச்சினன் இறங்கிக்கொண்டான்.

"அத்தான், இத எடுத்துக்கிட்டு வந்தா நான் வரல."

"என்னடா செய்யுது இது?"

"கட்டுத் துணிய தூக்கிக்கிட்டுப் போறது, வா வான்னு ரத்தத்தக் கூப்பிடுறதுதானே? எங்கப்பா இத்தன வருஷம் கோடாரி பிடிச்சாரு. ஒரு துணி கொண்டு போனதில்ல."

அவனுடைய அப்பாவுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. அதைச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அவனை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தைப் பார்த்ததும் எந்தப் பக்கம் பாரம், எங்கே உளுத்திருக்கிறது என்று தட்டியே சொல்லிவிடுவான். ஆனால் அவனுக்கு ஒரு முறை இருந்தது. மெஷினைத் தொடும் முன் மரத்தடியில் ஒரு வெற்றிலை வைத்து, சூடம் கொளுத்தி, மரத்திடம் மன்னிப்புக் கேட்பான். அதற்கப்புறம் கெட்ட வார்த்தை கிடையாது, கெட்ட பேச்சு கிடையாது, ரத்தம் காயம் என்ற பேச்சு அறவே கிடையாது. காலைக் காக்கும் தடித்த களிசானையும் அவன் போடாததற்கு இதுதான் காரணம். வெயில், புழுக்கம் என்று வெளியே சொல்வான். உண்மையில் அதைப் போடுவதே ஒரு அபசகுனம்.

இதைத் தீர்த்து வைத்தது என் மனைவி. எங்கள் சண்டையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் சிவப்புப் பையைத் தரையில் கொட்டினாள். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து, கோயிலில் கொடுத்த மஞ்சள் துணிப் பைக்குள், சூடம், தீப்பெட்டி, திருநீற்றுப் பொட்டலத்தோடு வைத்தாள். "இப்ப இது சாமிப் பை. போங்க ரெண்டு பேரும்" என்றாள். தம்பிக்காரன் எட்டிப் பார்த்தான். பேண்டேஜ் இருப்பது தெரிந்தது. "சாமியோட இருந்தா பரவால்ல" என்றான். அவ்வளவுதான், பிரச்சினை முடிந்தது. நான் நாள் கணக்காகக் கத்தியும் நடக்காததை ஒரு துணிப்பை நடத்திவிட்டது. எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது.

அன்றிலிருந்து சூடம் கொளுத்தியதும் அந்தப் பையை மரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிளையில் மாட்டிவிடுவான். வகுப்பில் சொன்ன மாதிரியே கைக்கெட்டும் தூரம். இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். நானா அந்தப் பைக்குத் தனி மரியாதை கொடுத்தார். லொறியில் அது இருந்தால் அந்தப் பக்கம் கால் நீட்டமாட்டார். எடுத்துத் தரச் சொன்னால், "நீங்களே எடுங்க தம்பி, ஒங்கட சாமி சாமான்" என்பார். மரியாதை தெரிந்த மனிதர் என்று நாங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம்.

அம்பிட்டியவில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் வாகை மரம் ஒன்று சரிந்து, இன்னொரு மரத்தில் சாய்ந்தபடி நின்றது. முழுசாக விழுந்திருந்தால் நல்லது. இப்படி அரைகுறையாக நிற்பதுதான் ஆபத்து. சரிவான இடம், முதல் நாள் மழை, தரையெல்லாம் இலை. காலையில் சின்னக் கிளைகளை முடித்தோம். மத்தியானம் நாங்கள் இருவரும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பெரிய கிளைக்கு வந்தோம். நான் கயிற்றைப் பலா மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். மச்சினன் தரையில் நின்றே வெட்டினான். கிளை அறுந்து, என் கயிற்றில் தொங்கியது. பாரம் நான் நினைத்ததைவிட அதிகம். ஈரக் கயிறு மரத்தைச் சுற்றி மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது.

அவன் அடுத்த வெட்டுக்கு இடம் பார்த்து இரண்டு எட்டு கீழே இறங்கினான். இரண்டே எட்டு. மெஷினின் தட்டைத் தள்ளவில்லை, சங்கிலி ஓடிக்கொண்டே இருந்தது. இலையில் கால் வழுக்கியது. மெஷின் முதலில் விழுந்தது, அதன் மேல் அவன் விழுந்தான். இடது முழங்காலின் பின்பக்கம்.

மெஷின் சத்தம் நின்றது. அவன் கத்தவில்லை. "அத்தான்" என்று மட்டும் சொன்னான், சாதாரணமாகக் கூப்பிடுகிற மாதிரி. நான் பார்த்தபோது அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரம் வகுப்பில் பார்த்த மேசை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

என்னால் போக முடியவில்லை. கிளை அவனுக்கு நேர் மேலே தொங்கியது. கயிற்றை விட்டால் அவன் மேல்தான் விழும். முடிச்சுப் போட ஒரு கை வேண்டும், அந்த ஒரு கையை எடுத்தால் கயிறு ஓடிவிடும். கால் இரண்டையும் பலா மரத்தில் ஊன்றிக்கொண்டு நானாவைக் கூப்பிட்டேன். அவர் அப்போதுதான் சாப்பிட்டு முடித்து வீட்டோரம் பைப்பில் கை கழுவிக்கொண்டிருந்தவர், வழுக்கி விழுந்து எழும்பி ஓடி வந்தார்.

"பை! பையை எடுங்க நானா!"

பை அவருக்கு எதிரிலேயே கோப்பிச் செடியில் தொங்கியது. கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. அந்தக் கையையே ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, எறச்சி தின்ட கை. தொட ஏலுமா?"

அந்தக் கேள்வி என் காதில் எத்தனை தடவை கேட்டுவிட்டது தெரியுமா. இப்போதும் சோறு பிசையும்போது கேட்கிறது. என் மச்சினனின் உயிர் தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் எங்கள் சாமிக்குத் தீட்டாகிவிடுமோ என்று பயப்படுகிறார். அதே நேரம் மதியச் சோற்றில் மாட்டிறைச்சி கொண்டு வந்ததற்கு வெட்கப்படுகிறார். கயிறு இன்னும் ஒரு சாண் வழுக்கியது, பல்லைக் கடித்து இழுத்துப் பிடித்தேன். தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் என்னையே பார்த்தார். கடைசியில் எனக்கு வாயில் வந்தது ஒரு கெட்ட வார்த்தை. இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. அவருடைய தாயைப் பற்றியது. அதைக் கேட்டதும் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

அதற்குள் வீட்டுக்கார அம்மா கோப்பித்தூள் டின்னோடு வந்துவிட்டார். நானா ஒரு கையால் அவரைத் தடுத்தபடியே பையைத் தலைகீழாகக் கொட்டினார். சூடம், தீப்பெட்டி, திருநீறு எல்லாம் சேற்றில் விழுந்தது. பட்டியை எடுத்தார். தொங்குகிற கிளைக்குக் கீழேயே மண்டியிட்டு, தொடையில் கட்டினார். மச்சினன் அப்போதுதான் கத்தினான். நானா தளர்த்தவில்லை. "கத்துங்க தம்பி, நல்லாக் கத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இறுக்கினார். பிறகு பேண்டேஜைத் திணித்து இரண்டு முழங்கையாலும் அமுக்கிக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ ஓதினார். நான் அந்த அம்மாவிடம் கயிற்று வாலைப் பிடிக்கச் சொன்னேன். டின்னைப் போட்டுவிட்டு வந்து பிடித்தார். வயதான கை, ஆனாலும் விடவில்லை. முடிச்சுப் போட்டேன். அதன் பிறகுதான் என்னால் கீழே இறங்க முடிந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள், பட்டி எப்போது கட்டியது என்று கேட்டார்கள். "ளுஹர் பாங்கு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல" என்றார் நானா. அவர்கள் அந்த மத்தியானத் தொழுகை அழைப்பைத் தங்கள் கடிகாரக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

கண்டி ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டு போனபின் நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். நானாவின் சட்டையில் காய்ந்த ரத்தம், அதன் மேல் திருநீறு. துடைக்கச் சொன்னேன், துடைக்கவில்லை. கால் இருக்குமா இருக்காதா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. கால் போனால் அவன் என்ன செய்வான்? மரத்தைத் தவிர அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. என் மனைவி வந்து சேர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நெடுநேரம் கழித்து ஒரு டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தூங்கி நாளாகியிருக்கும் போல முகம்.

"கால் தப்பீட்டுது. ஆனா பின்னால போற நரம்பு வெட்டுப்பட்டுப் போச்சு. தைச்சிருக்கிறம். பாதத்தில உணர்வு வாறது கஷ்டம்."

நானா எழுந்து நின்றார். "டொக்டர், கொஞ்சம் முந்திக் கட்டியிருந்தா?"

"அதுக்கும் நரம்புக்கும் சம்பந்தம் இல்லை ஐயா. நரம்பை வெட்டினது மெஷின். நீங்கள்தானே கட்டினது? கட்டாட்டி ஆளே இல்லை."

"ஓ" என்றார் நானா. ஆனால் அவர் காதில் விழுந்தது அதுவல்ல என்று எனக்குத் தெரிந்தது. நல்ல செய்தி ஒன்றைச் சொன்னால் அதை உள்ளே விடவே விடாத மனசு சிலருக்கு உண்டு.

மச்சினன் வீட்டுக்கு வந்தான். இரண்டு கக்கத்துக் கட்டையோடு முற்றம் வரை நடப்பான். பாதம் முன்னால் வளையாது, செருப்பு கழன்றால் தெரியாது. ஒரு தடவை அடுப்புத் தணலை மிதித்துவிட்டு, நாங்கள் சொல்லித்தான் காலைப் பார்த்தான். "வந்துரும்ல அத்தான்?" என்று கேட்பான். "வரும்" என்பேன். டொக்டர் சொன்னது அவனுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அவன் கேட்பான், நானும் சொல்வேன். களைப்பாக இருக்கிறது இந்த விளையாட்டு.

நான் வேறு ஒரு பையனோடு வேலைக்குப் போகிறேன். பட்டியையும் பேண்டேஜையும் என் இடுப்பிலேயே ஒரு பையில் கட்டிக்கொள்கிறேன். பேரைச் சொல்லியே சொல்கிறேன்: இது ரத்தம் வந்தால் கட்டுவதற்கு. அந்தப் பையன் முகத்தைச் சுளித்தான். சுளித்துக்கொள்ளட்டும்.

நானா வாரா வாரம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவார். கெலிஓயாவில் யாரோ வைத்தியர் கொடுத்த எண்ணெய் ஒரு போத்தல் கையில் இருக்கும். முதல் தடவை வந்தபோது வாசலிலேயே நின்று, "தம்பி, நான் அன்டைக்குக் கேட்டிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். மச்சினன் கட்டிலில் இருந்தே குரல் கொடுத்தான்.

"நானா, நீங்களாவது கேட்டுட்டுத் தொட்டீங்க. அந்த மெஷின் கேட்டுச்சா?"

நானா சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர் கதிரையில் உட்கார்ந்து அழுதார். என் மனைவி தேத்தண்ணி ஊற்றப் போனாள், எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமையும் வந்தார். மச்சினன் குப்புறப் படுத்திருந்தான், முதுகு வலிக்கு அதுதான் சுகம் என்பான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நானாவோடு பேசிக்கொண்டிருந்தான், யார் வீட்டில் எந்த மரம் விழுந்தது, கம்பொள வீதியில் எங்கே இன்னும் மண் அள்ளவில்லை என்று. நானா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அந்தப் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்தார். எண்ணெய் ஊற்றி, விரல் விரலாக, குதிகால், உள்ளங்கால் என்று தேய்க்கத் தொடங்கினார். பேச்சு தானாகவே நின்றுவிட்டது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவர் அழுத்தித் தேய்த்தார், பாதம் அவர் கைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.

மச்சினன் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"அத்தான், நானா போயிட்டாரா?"